உள்ளங்கை அளவு ஈரம்

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரும் கீழ்த்தளத்துக்குப் போகும் அந்தப் படிக்கட்டில் இறங்குவதில்லை. லிஃப்டில் அந்தத் தளத்துக்கும் ஒரு பொத்தான் உண்டு. யாராவது கைதவறி அழுத்திவிட்டால் கதவு திறக்கும், சூடான காற்று முகத்தில் அடிக்கும், "ஐயோ, இது இல்ல" என்று சொல்லி அவசரமாக மேலே போய்விடுவார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே வேலை செய்து அவள் பார்த்த நோயாளிகள் அவ்வளவுதான்.

அங்கே நடப்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மேலே ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தரிகளும் இடுக்கிகளும் ரத்தத்தோடு தள்ளுவண்டியில் இறங்கி வரும். அவற்றைக் கழுவி, ஒவ்வொன்றையும் திறந்து மூட்டில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, எண்ணித் தட்டில் அடுக்கவேண்டும். பிறகு பச்சைத் துணியில் இரண்டு சுற்றுப் பொதிந்து, டேப் ஒட்டி, நீராவி மெஷினுக்குள் ஏற்றவேண்டும். சூடு ஏறினால் டேப்பில் கறுப்புக் கோடுகள் விழும். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் கட்டியவரின் எண்ணை எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று இருக்கவேண்டும் என்பது சட்டம். அவள் எண் ஏழு. அதனால் அந்தத் தளத்தில் அவளுக்குப் பெயர் ஏழக்கா.

மெஷின் ஓட்டுகிறவர் பொசுக்கென்று கொதித்துப் பொசுக்கென்று ஆறிவிடுகிறவர் என்பதால் நீராவி அண்ணன். அவள் தாமதமாக வரும் நாட்களில் மட்டும் அவர் எண்ணில் அரை கூட்டிக்கொள்வார். "வந்துடுச்சுப்பா ஏழரை! இனிமே இன்னைக்கு உருப்பட்ட மாதிரிதான்." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், அவளும் சிரித்துவிட்டுக் கையுறையை மாட்டுவாள்.

வேலையைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. வீட்டிலும் பாத்திரம், இங்கேயும் பாத்திரம், இங்கே யூனிஃபார்ம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள். அவள் புருஷன் சோபாவுக்கு உறை தைக்கிறவர். வேலை முடிந்ததும் சோபாவுக்குச் சொந்தக்காரர் அதில் உட்கார்ந்து "அப்பாடா" என்று சாய்வதை அவர் தன் கண்ணால் பார்ப்பார். அந்த "அப்பாடா" அவளுக்குக் கிடைத்ததே இல்லை. கட்டியது யாருக்குப் போயிற்று, அவர் பிழைத்தாரா, எழுந்து நடந்தாரா, எதுவும் கீழே வராது. கீழே வருவது ரத்தம் மட்டும்தான். அதற்கும் முகம் கிடையாது.

சீட்டு எழுதுவது அவளுக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. "குப்பைக்கூடைக்கு லெட்டர் எழுதுறேன்" என்பாள். பொட்டலத்தைப் பிரித்ததும் நர்ஸ் அதைக் கசக்கிப் போட்டுவிடுவாள் என்றே நினைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் கேட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வழியாக ஒரு வேலை வந்தது. பெரிய துணிக்கடை, ஏசி, வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட துணியை மடித்து வைக்கும் வேலை. "நாலு மனுஷங்களைப் பார்க்கலாம் அண்ணி. எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பாதாளத்துல கிடப்பீங்க?" என்றாள் நாத்தனார். சரி என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து, முதல் தேதியிலிருந்து வருவதாகப் பேச்சு. தலைமை நர்ஸிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போது அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

இரண்டு மெஷின்களில் ஒன்று பழுது. இருந்த ஒன்றிலேயே எல்லாவற்றையும் திணித்தார்கள். பொட்டலத்துக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி வேண்டும், அப்போதுதான் நீராவி சுற்றி வரும். அன்று விரல்கூட நுழையவில்லை. பதினொரு மணிக்கு மெஷினைத் திறந்து கீழ்த்தட்டிலிருந்து கை செட்டை எடுத்தாள். கை ஆபரேஷனுக்கான சின்னச் சின்னக் கருவிகள் உள்ள பொட்டலம் அது. அடித்துணியில் ஒரு மூலை நனைந்திருந்தது. உள்ளங்கை அளவு ஈரம்.

ஈரப் பொட்டலம் அழுக்குப் பொட்டலம் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. நனைந்த துணி வழியாக வெளியில் இருக்கும் கிருமி உள்ளே ஊறிவிடும். பிரித்து, புதுத் துணியில் கட்டி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் எல்லா இடத்திலும் சுவரில் ஒன்று எழுதியிருக்கும், கை வேறொன்று செய்யும். ஈரமாக வந்த பொட்டலத்தை மெஷினின் சூடான தலைமேல் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் காய்ந்துவிடும். டேப்பில் கறுப்புக் கோடு எப்படியும் இருக்கிறது, மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு அந்த அறையில் வெயில் காட்டுவது என்று பெயர். யார் தொடங்கிவைத்த புண்ணியமோ, அவள் வேலைக்குச் சேர்ந்தபோதே அது இருந்தது.

போன் அடித்தது. "கை செட் எங்க? ஆள் டேபிள்ல படுத்திருக்காரு!"

"பத்து நிமிஷம் சிஸ்டர்" என்றாள்.

வெயில் காட்டினாள். காய்ந்தது. மேலே அனுப்பினாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டாள், நீராவி அண்ணன் சொன்ன ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தாள், சாயங்காலம் பஸ் ஏறும்போது அப்படி ஒன்று நடந்ததே அவள் நினைவில் இல்லை. பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த மறதிதான். செய்ததைக்கூட அவளால் ஒருவிதமாகச் சகித்துக்கொள்ள முடிந்தது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டதைச் சகிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளை மேலே கூப்பிட்டார்கள். ஒரே வாரத்தில் ஆபரேஷன் ஆனவர்களில் மூன்று பேருக்குப் புண் சீழ் பிடித்துவிட்டது; கமிட்டி போட்டிருக்கிறார்கள். ஒரு நீள மேஜை, இரண்டு டாக்டர்கள், பக்கத்தில் தலைமை நர்ஸ். டாக்டர் ஒரு கோப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "இது உங்க எழுத்தா பாருங்க."

கோப்பின் நடுப்பக்கத்தில் அவள் சீட்டு ஒட்டியிருந்தது. கசங்காமல், நேராக, நான்கு மூலையிலும் பசை தடவி. அவள் போட்ட ஏழு. அதற்கு மேலே ஒரு ஆளின் பெயர், வயது நாற்பத்தொன்று, வலது கை, தசைநார் அறுந்தது. தொழில் என்ற இடத்தில் முடி திருத்துபவர் என்று எழுதியிருந்தது.

பத்தொன்பது வருடமாக அவள் எழுதிய ஒவ்வொரு ஏழும் இப்படி ஒரு ஆளின் பெயருக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை ஆயிரம் பேர்!

"டேப் கறுத்திருந்துச்சா?"

"கறுத்திருந்துச்சு சார்."

"துணி காஞ்சிருந்துச்சா?"

"காஞ்சிருந்துச்சு சார்" என்றாள்.

பொய் இல்லை. அனுப்பும்போது காய்ந்துதான் இருந்தது. அந்த இரண்டு சொற்களையும் எழுதிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் முடிவும் வந்தது. மூன்று ஆபரேஷனும் நடந்தது ஒரே தியேட்டரில்; அதன் கூரைக்குள் ஏசிக் குழாய் உடைந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது; அதுதான் காரணம். தியேட்டரைப் பூட்டி வேலை தொடங்கினார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று நீராவி அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவள் அந்த டீயைக் குடிக்கவில்லை. மற்ற இருவரின் பொட்டலத்தை அவள் கட்டவில்லை. அவர்களுக்குக் கூரை என்று வைத்துக்கொள்ளலாம். சலூன்காரருக்கு? கூரையாகவும் இருக்கலாம், உள்ளங்கை அளவு ஈரமாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். இதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை. கூரை மட்டுமே காரணமாக இருக்கவேண்டியதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவள்.

அன்றிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டது. பேய் பிடித்தாலாவது ஓட்டுவதற்கு வழி சொல்ல ஆள் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. கொடியில் காயும் துணியை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள். புருஷன் சட்டையை மூன்று முறை இஸ்திரி போடுவாள். தலையணை உறையில், சுவரில், மேஜைமேல் தம்ளர் வைத்து எடுத்த இடத்தில், எங்கே பார்த்தாலும் அதே மூலை, அதே நனைவு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் கைகளைப் பார்ப்பாள்; எந்த விரல் மடங்குகிறது, எது மடங்கவில்லை என்று பார்த்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள்.

முதல் தேதி வந்தது. அவள் துணிக்கடைக்குப் போகவில்லை. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புருஷனுக்குப் புரியவில்லை. "நீதானே அழுதுகிட்டிருந்த, பாத்திரம் தேய்க்கிற வேலைன்னு?"

"பாத்திரம் தேய்க்கிற வேலையா இருந்தா போயிருப்பேங்க" என்றாள்.

அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஊசியிலிருந்து நூலை உருவினார். பிறகு, "அவரைப் போய்ப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தாள். மறுநாள் மதியம் நாலாவது மாடி ஏறினாள். சீழ் வடிந்து, மறுபடி கிழித்துச் சுத்தம் செய்து, அவர் இன்னும் வார்டில்தான் இருந்தார். சலூனில் பெரிய கண்ணாடி சரிந்தபோது தாங்கிப் பிடிக்கப் போய் அறுத்துக்கொண்ட கை. புண் ஆறிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றன. இடது கையில் ஒரு சீப்பை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கு வகிடு எடுத்துவிட முயன்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா பார்க்கிறீங்க, முடி வெட்டணுமா?" என்றார் அவளைப் பார்த்து. "இப்போதைக்கு இடது கைதான். காதுக்கு உத்தரவாதம் இல்ல."

வார்டே சிரித்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில்தான் வேலை, சும்மா பார்க்க வந்தேன் என்று ஏதோ உளறினாள். அவர் பொண்டாட்டி நல்ல வாயாடி. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தாள். "உக்காருங்கக்கா. இந்த ஆஸ்பத்திரியில எங்களை ஆள்னு மதிச்சு விசாரிச்ச மொத ஆள் நீங்கதான்" என்று பாதி ஆரஞ்சைக் கையில் திணித்தாள். அவள் அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் எப்படி இருப்பது?

அதற்குப் பிறகு தினமும் போனாள். அவர் வீட்டுக்குப் போன பின், விரல் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வருவார். அந்த நாட்களில் போனாள். கீழே ஒரு பொட்டலம்கூட ஈரமாக வெளியே போக அவள் விடவில்லை. தியேட்டரிலிருந்து கத்தினார்கள். நீராவி அண்ணன் கொதித்தார். "எத்தனை வருஷமா வெயில் காட்டுறோம், எவன் செத்தான்?" என்றார். "தெரியாதுண்ணே. அதான்" என்றாள்.

தலைமை நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கமிட்டி மூடியாச்சு. மூடினதைத் தோண்டாத" என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் சேர்ந்த காலத்துல நானும் வெயில் காட்டினவதான். எனக்கு ஒரு சலூன்காரர் எதிர்ல வரல, அவ்வளவுதான். நீ போ." அன்று சாயங்காலமே வெயில் காட்டினால் வேலை போகும் என்று ஒரு சுற்றறிக்கை கீழே வந்தது. அவள் ஒப்புக்கொண்டது மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

அவருக்குச் சொல்லாமல் இனி முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாதி ஆரஞ்சு ஒவ்வொரு நாளும் தொண்டையில் நின்றது. ஒரு நாள் காலை, பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பொண்டாட்டி மருந்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஈரம், போன், பத்து நிமிடம், "காஞ்சிருந்துச்சு சார்" என்று சொன்னது, எல்லாம். கூரைதான் காரணமாகவும் இருக்கலாம் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தப்பிக்கப் பார்ப்பதுபோல் இருக்கும் என்று நினைத்தாள்.

அவர் ரொம்ப நேரம் தன் இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?"

"சொல்லாம இருக்க முடியலங்க."

"உங்களால முடியல. சரி. கேட்டுட்டு என்னால இருக்க முடியுமான்னு யோசிச்சீங்களா?" அவர் குரல் உயரவே இல்லை. "இத்தனை நாளும் கண்ணாடி விழுந்துச்சு, என் நேரம் சரியில்ல, கடவுளுக்குக் கண்ணில்லன்னு திட்டிட்டுத் தூங்கிடுவேன். கடவுள் எதிர்ல வந்து நிக்க மாட்டாரு. இனிமே கண்ணை மூடினா உங்க மூஞ்சிதான் வந்து நிக்கும். உங்க பாரத்தை எறக்கி என் தலையில வச்சிட்டீங்க. நான் எங்க போய் எறக்குறது?"

"புகார் குடுங்க. நான் ஒத்துக்கிறேன். எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறேன்."

"குடுத்தா வெரல் மடங்குமா?"

எழுந்து போய்விட்டார். பயிற்சிக்குக்கூட நிற்கவில்லை. மருந்துப் பையோடு வந்த பொண்டாட்டி, "எங்கக்கா போனாரு?" என்று கேட்டாள். அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். பாரம் இரண்டு மடங்காகத்தான் ஆயிற்று. அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னாள். அவர் சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. பதினாறு நாள் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. கீழே போன் அடித்த ஒவ்வொரு முறையும், புகார் வந்துவிட்டது என்று எழுந்து நின்றாள். ஒருமுறைகூட அது வரவில்லை. வந்தால் தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

பதினேழாம் நாள் லிஃப்ட் கதவு திறந்தது. யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. சலூன்காரர் வெளியே வந்து நின்று, புகைகிற மெஷின்களையும் பச்சைத் துணி மூட்டைகளையும் பார்த்தார்.

"இங்கெல்லாம் நோயாளிங்க வரக்கூடாதுங்க" என்று நீராவி அண்ணன் ஓடிவந்தார்.

"எனக்கு இவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"வர்ற வியாழக்கிழமை ரெண்டாவது ஆபரேஷன் வச்சிருக்காங்க" என்றார். "ஒட்டிக்கிட்ட நரம்பைப் பிரிச்சு விடுவாங்களாம். மடங்கினா மடங்கும். இதோட சரி, மூணாவது தடவை கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தக் கை செட்டை நீங்கதான் கட்டணும்."

"நானா? என்னை நம்பியா?"

"நம்பிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க இருக்கிற மத்தவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சவங்கதான் பயந்து கட்டுவாங்க." லிஃப்ட் பக்கம் திரும்பினவர் நின்றார். "எம் பொண்டாட்டிகிட்ட சொல்லல. சொன்னா இந்தக் கட்டடம் தாங்காது. அதுக்காக நான் மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்காதீங்க."

வியாழக்கிழமை ஆறு மணிக்கே வந்துவிட்டாள். கை செட்டில் இருபத்திரண்டு கருவிகள். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். புதுத் துணி எடுத்துக் கட்டினாள். சீட்டில் ஏழு போடும்போது பேனா நின்றது, பிறகு போட்டாள். மெஷினில் அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கவிடவில்லை. எட்டரைக்குத் திறந்து எடுத்தாள். உள்ளங்கையை வைத்து நான்கு பக்கமும் அழுத்தினாள். அடியில், மடிப்புக்குள், கட்டைவிரல் நுனி அளவு குளிர்ச்சி.

நீராவி அண்ணனும் தொட்டுப் பார்த்தார். "இது ஈரமாம்மா? வேர்வையா இருக்கும், உன் கையில இருந்து. ஊதினா போயிடும்." அவர் குரலிலும் பயம் இருந்தது. போன் அடித்தது. ஒன்பது மணிக்கு ஆபரேஷன். ஆளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தாயிற்று.

அவள் டேப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். பச்சைத் துணியை விரித்துப் போட்டாள். பிரித்த பொட்டலத்தை இனி யார் நினைத்தாலும் மேலே அனுப்ப முடியாது, அவள் நினைத்தாலும் முடியாது. அதற்காகத்தான் கிழித்தாள்.

"கை செட் எங்க?"

"ஒரு மணி நேரம் ஆகும் சிஸ்டர். ஈரம்."

போன் கை மாறியது. டாக்டரே பேசினார், பேசினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கீழே உட்கார்ந்துகொண்டு என்ன கிழிக்கிறீர்கள் என்று கேட்டார். டேப்பைக் கிழித்தேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமை நர்ஸ் படியிறங்கி வந்தாள். விரித்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். இவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். "கீழேயிருந்து சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருங்க டாக்டர்" என்று வைத்துவிட்டாள். நீராவி அண்ணன் அதற்குள் மெஷினின் வடிகுழாயைக் கழற்றி, தண்ணீர் வடியவிடாமல் உள்ளே அடைத்திருந்த பஞ்சை உருவி எடுத்திருந்தார்.

இரண்டாம் முறை காய்ந்து வந்தது. சூடாக, மொரமொரவென்று. அவள் கையை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் ஒளித்துவைத்து வேடிக்கை காட்ட எனக்கு மனமில்லை, முடிவைச் சொல்லிவிடுகிறேன். சீழ் பிடிக்கவில்லை. ஆள்காட்டி விரல் முழுதாக மடங்கியது. நடுவிரல் பாதியோடு நின்றுவிட்டது. சலூன் திறந்திருக்கிறது, சவரம் செய்வதை விட்டுவிட்டார், கத்தரி வேலை மட்டும், அதுவும் மெதுவாக. மன்னித்ததாக அவர் இதுவரை சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவள் இன்னும் கீழேதான் இருக்கிறாள், ஏழாம் எண்ணாகவே. கூரையா, துணியா என்பது தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. கொடியில் காயும் துணியை இன்றும் அழுத்திப் பார்க்கிறாள். வேலைக்கு அர்த்தம் வேண்டும் வேண்டும் என்கிறோமே, சிலருக்கு அது இப்படித்தான் வந்து சேர்கிறது. வந்தால் போவதும் இல்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை காலை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. பொட்டலம் மேலே போனதும், "நீ போம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார் நீராவி அண்ணன். அவள் கைகழுவிவிட்டுப் படியேறி, தியேட்டருக்கு வெளியே உறவினர்கள் காத்திருக்கும் வராந்தாவுக்குப் போனாள். சலூன்காரர் பொண்டாட்டி சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள்.

"அக்கா, வந்துட்டீங்களா! இப்பத்தான்கா உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஒம்போது மணின்னு சொல்லிட்டு மணி என்ன ஆகுது பாருங்க. பட்டினி போட்டு, ஊசி குத்தி, அந்த மனுஷனை ஸ்ட்ரெச்சர்லயே படுக்க வச்சிட்டாங்க. நடுங்கிட்டே கெடந்தாரு. என்னன்னு கேட்டா, கீழ எவளோ கட்டுனது சரியில்லையாம், மறுபடி கட்டுறாளாம். அவளுக்கென்ன, உசுரு போறது நமக்குத்தானே? எவ கட்டுனாளோ, அவ கை வெளங்காமப் போக!"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் உங்கள் வீட்டுக்காரருக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை பொட்டலத்துக்கு அவளை யாரும் திட்டவில்லை, பாதி ஆரஞ்சு கொடுத்தார்கள். வசவு ஆளைச் சரியாகத்தான் தேடி வந்திருக்கிறது, கிழமையைத்தான் மாற்றிக்கொண்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களைத் தவிர எங்களுக்காக வந்து உக்கார இங்க யாருக்கா இருக்கா?" என்று அந்தப் பெண் அவள் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை அந்தப் பெண் விடவில்லை; இவளும் கையை எடுக்கவில்லை.